கப்பல் ஏறும் முன்: தென்துருவப் பயணத்துக்கான ஆயத்தம்



அண்டார்க்டிகாவைப் பற்றிப் பேசச் சிதம்பரம் பொருத்தமான இடமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நிலப்படத்தை விரித்துக் காட்டினேன். சிதம்பரம் ஏறத்தாழ 79.7 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேர் தெற்கே இறங்கினால், இலங்கையின் மேற்குக் கரையை உரசியபடி இந்தியப் பெருங்கடலுக்குள் போய்விடலாம். அதற்கப்புறம் குறுக்கே ஒரு தீவுகூடக் கிடையாது. அடுத்து வருகிற நிலம் அண்டார்க்டிகாதான். 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் இந்தியா திறந்த பாரதி ஆய்வு நிலையம், இந்தக் கோட்டிலிருந்து மேற்கே சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 9,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அண்டை வீடு அது.

நிலவியலாளர்கள் இதைவிட நெருக்கமான உறவு சொல்வார்கள். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவின் கிழக்குக் கரையும் கிழக்கு அண்டார்க்டிகாவும் ஒட்டிக்கிடந்தன. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறைகளுக்கு அங்கே தொடர்ச்சி உண்டு. பல்லாவரம் குன்றுகளில் காணப்படும் சார்னோக்கைட் பாறையின் இனம் அந்தப் பனிக்கடியிலும் இருக்கிறது. ஆகவே இந்த மண்டபத்தில் இந்தப் பேச்சு நடப்பதற்கு நான் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

துருவப் பயணங்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கப்பல் புறப்பட்ட பிறகு நடந்தவற்றையே சொல்கின்றன. புயல், பனிப்பிளவு, கொடி நாட்டுதல், மரணம். நான் பேச வந்தது அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி. பெட்டி கட்டும் மாதங்கள், பல் மருத்துவரிடம் போகும் மாதங்கள், பட்டியல் எழுதும் மாதங்கள். பயணத்தின் முடிவு பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. கொடியை நாட்டியவர்களைவிடக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்றும் நினைக்கிறேன்.

இந்தியாவின் முதல் பயணத்தை எடுத்துக்கொள்வோம். கடல் மேம்பாட்டுத் துறை என்ற தனித் துறை 1981 ஜூலையில்தான் உருவானது. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வே நாட்டு வாடகைக் கப்பல் 21 பேருடன் கோவாவிலிருந்து புறப்பட்டுவிட்டது. நடுவில் ஐந்தே மாதம். வெளியே அதிகம் தெரியாமல்தான் எல்லாம் நடந்தது. ஆள் தேர்வு, உடை, உணவு, கருவி, எரிபொருள், பனிக்கடலுக்கு ஏற்ற கப்பல் என்று எல்லாவற்றையும் முன்னனுபவமே இல்லாத ஒரு வெப்பநாடு அந்த ஐந்து மாதத்துக்குள் திரட்டியது. 34 நாள் கழித்து, 1982 ஜனவரி 9ஆம் தேதி அவர்கள் கரை சேர்ந்தார்கள்.

அந்தக் குழுவின் தலைவர் டாக்டர் எஸ். இசட். காசிம். அவரைப் பற்றி மாணவர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மலையேறும் வீரரோ ராணுவத் தளபதியோ அல்லர், கடல் உயிரியலாளர். கொச்சியின் உப்பங்கழியில் உயிர்கள் எப்படித் தழைக்கின்றன என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர். வெள்ளாற்றுக் கழிமுகத்தில் 1961இல் தொடங்கி, பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் கையில் வளர்ந்த நம் பரங்கிப்பேட்டை ஆய்வகத்தில் நடப்பதும் அதே வகைப் படிப்புதான். கழிமுகத்துச் சேற்றில் நின்று மாதிரி எடுக்கப் பழகிய ஒருவர்தான் நாட்டின் முதல் பயணத்தை அண்டார்க்டிகாவுக்கு நடத்திச் சென்றிருக்கிறார்.

ஆயத்தம் என்றால் என்ன என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால், கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். கடலில் சில நாள் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகு கிளம்புவதைப் பாருங்கள். ஐஸ் கட்டிகளை அரைத்துப் பொடியாக்கி உள்ளே கொட்டுவார்கள். டீசல், குடிதண்ணீர், அரிசி, புளி, மிளகாய்த்தூள், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறும். ஐஸ் குறைந்தால் பிடித்த மீன் வீண். கூடினால் மீனுக்கு இடமில்லை. எத்தனை நாள், எவ்வளவு தூரம், எந்தக் காற்று என்று மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர் படகை ஓட்டுகிறவர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள். அந்த இரண்டு மாத வேலையில் காட்டிய கவனம் புரட்டாசி ஐப்பசிக் கடலில் உயிரைக் காக்கும். துருவக் கப்பலுக்கும் இதே அறிவுதான் வேண்டும். அளவு மட்டும் பெரியது. விட்டுப்போன பொருளை வாங்கத் திரும்பி வரவும் முடியாது.

காலம் தவறினால் வழியும் இல்லை. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடல்பனி செப்டம்பரில் சுமார் 180 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவியிருக்கும். பிப்ரவரியில் அது 30 லட்சத்தை ஒட்டிச் சுருங்கும். கப்பல் உள்ளே நுழைவதற்கும் சரக்கு இறக்குவதற்கும் வெளியே வருவதற்கும் அந்தக் கோடையின் சில வாரங்கள்தான் உண்டு. இங்கே ஒரு டெண்டர் பத்து நாள் தள்ளிப்போனால் அங்கே ஓராண்டு போய்விடலாம். பாரதி நிலையத்தைக் கட்டியபோது 134 கப்பல் கொள்கலன்களே கட்டடத்தின் எலும்புக்கூடாக அமைந்தன. சரக்கைச் சுமந்து வந்த பெட்டியே பிறகு அறையாக மாறியது. அப்படிப்பட்ட வேலையில் கொள்கலன்களை ஏற்றும் வரிசையே பாதிக் கட்டுமானம். முதலில் தேவைப்படுவது கடைசியாக ஏற வேண்டும்.

இந்த வரிசையை மனத்திலேயே வைத்திருந்த ஒருவர் கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் இருந்தார். ஹென்றி பவர்ஸ் என்று பெயர். இந்தியக் கடற்படைப் பணியில், பர்மா ஆறுகளிலும் பாரசீக வளைகுடாவிலும் வேலை பார்த்துவிட்டு 1910இல் ‘டெரா நோவா’ கப்பலில் சேர்ந்தவர். சரக்கு முழுவதும் அவர் பொறுப்பு. அவரைக் கரைக் குழுவில் சேர்க்கும் திட்டம் முதலில் இல்லை. கப்பலில் பெட்டிகளை அடுக்கிய திறமையைக் கண்டுதான் ஸ்காட் அவரைத் தன்னுடன் வைத்துக்கொண்டார்.

அத்தகைய மனிதர் இருந்தும் அந்தப் பயணம் கண்ணீரில் முடிந்தது. 1911இன் தொடக்கத்தில், துருவத்துக்குப் போகும் வழியில் உணவும் எண்ணெயும் சேமித்துவைக்கும் வேலை நடந்தது. பெரிய சேமிப்பிடத்தை 80 பாகைத் தெற்கில் வைப்பதாகத் திட்டம். குதிரைகள் தளர்ந்துபோனதால் சுமார் 55 கிலோமீட்டர் முன்னதாகவே சரக்கை இறக்கிவிட்டார்கள். இன்னும் முன்னே போக வேண்டும் என்று குதிரைகளைக் கவனித்த ஓட்ஸ் வற்புறுத்தினார்; ஸ்காட் இணங்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் துருவத்திலிருந்து திரும்பி வந்த ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் வில்சனும் பவர்ஸும் கூடாரத்துக்குள் இறந்தார்கள். அந்தச் சேமிப்பிடம் அவர்களிடமிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருந்தது. திட்டமிட்ட இடத்தில் வைத்திருந்தால் அதை அவர்கள் முன்பே கடந்திருப்பார்கள்.

எண்ணெய்க் கதை இதைவிடச் சிறியது, இதைவிடக் கொடியது. வழியில் வைத்திருந்த தகரங்களில் மண்ணெண்ணெய் குறைந்திருந்தது. மூடிக்கடியில் இருந்த தோல் வளையம் கடுங்குளிரில் கெட்டு, எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிருந்தது. மண்ணெண்ணெய் இல்லையென்றால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லையென்றால் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீரும் இல்லை. அதே பருவத்தில் துருவத்தை முதலில் அடைந்த ஆமுண்ட்சன், இந்தக் கசிவைத் தன் பழைய வடதுருவப் பகுதிப் பயணத்திலேயே கவனித்திருந்தார். அதனால் தகரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்தே கொண்டுபோனார். பாராட்டு விழாவில் யாரும் எடுத்துச் சொல்லாத வேலை அது. இரண்டு பயணங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடுகளில் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருவப் பயணி நான்சனுக்காகக் காலின் ஆர்ச்சர் கட்டி 1892இல் நீரில் இறக்கிய ‘ஃபிராம்’ கப்பலின் அடிப்பகுதி உருண்டையானது. பனி நெருக்கும்போது கப்பல் நசுங்காமல் மேலே எழும்பிக்கொள்ளும். ஷாக்கிள்டனின் ‘என்டூரன்ஸ்’ அப்படிக் கட்டப்படவில்லை. 1915 நவம்பரில் பனியால் நொறுங்கி மூழ்கியது. 2022இல் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். அந்தக் கப்பலின் குறை ஷாக்கிள்டனுக்குப் புறப்படும் முன்பே தெரிந்திருந்தது என்று அண்மை ஆய்வு ஒன்று காட்டுகிறது. அந்தக் கப்பலின் ஆட்கள் அனைவரையும் உயிரோடு மீட்ட அவருடைய தலைமையை உலகமே மேலாண்மைப் பாடமாக வைத்திருக்கிறது. அந்தப் பாடத்தோடு இந்தக் குறையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பேன். நமக்கென்று சொந்தமாக ஒரு துருவ ஆய்வுக் கப்பல் இன்னும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக வாடகைக் கப்பல்களிலேயே போய்வருகிறோம். உள்நாட்டிலேயே கட்டும் முயற்சி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அது தாமதமாகக் கூடாது.

அடுத்தது உடம்பு. இந்தியக் குழுவில் சேர்கிறவர்கள் மருத்துவப் பரிசோதனையில் தேறி, பிறகு உத்தரகாண்டின் அவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி நிலையத்தில் பனியில் நடக்கவும் விழாமல் நிற்கவும் விழுந்தால் எழவும் பழகுகிறார்கள். கடலோரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பலைவிட அவுலிதான் கடினம். பல்லில் ஒரு சொத்தை இருந்தாலும் புறப்படும் முன் சரிசெய்துவிட வேண்டும். நம் மைத்ரி நிலையத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில், 1961 ஏப்ரல் 30ஆம் தேதி லியோனிட் ரோகசோவ் என்ற 27 வயது மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். குளிர்காலத்தில் விமானமும் வராது, கப்பலும் வராது. ஒரு வானிலையாளர் கருவி எடுத்துக் கொடுத்தார், ஓட்டுநர் ஒருவர் கண்ணாடி பிடித்தார். பயிற்சி பெற்ற கையும் கொதிக்கவைத்த கத்தியும் மரத்துப்போக வைக்கும் மருந்தும் முன்கூட்டியே அங்கே இருந்ததால்தான் அவர் பிழைத்தார்.

நம் பக்கத்திலும் இழப்பு உண்டு. 1990 ஜனவரியில் இந்தியக் குழுவினர் நால்வர் கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிரிழந்தார்கள். கதகதப்புக்காகக் காற்று புகாமல் அடைத்த இடமே ஆபத்தாகிவிடும் என்பதை ஒவ்வொரு புதிய குழுவுக்கும் சொல்லியாக வேண்டும். அந்த நால்வரையும் நினைத்துக்கொண்டுதான் அதைச் சொல்ல வேண்டும்.

இனி நம் ஆய்வகத்து வேலைக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள். ஒரு மாணவி தென்கடலில் மிதவை உயிரிகளைச் சேகரிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய பெட்டியில் முதலில் என்ன இருக்க வேண்டும்? பென்சில். மை பார்மலினில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் ஆகியவற்றைத் தடித்த டிரேசிங் தாளில் எழுதி, சீசாவுக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே போட வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு உப்புநீரில் உரிந்துவிட்டால் அந்தச் சீசா அனாதை. உலோகச் சுவடுகளைப் பார்ப்பதாக இருந்தால் சீசாக்களை இங்கேயே நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, வடிநீரில் திரும்பத் திரும்ப அலசி, உலர்த்தி, மூடி, பையில் கட்ட வேண்டும். ஆடும் கப்பலில் அமிலம் கையாளக் கூடாது. வலைக்கு மாற்று வலை, கண்ணி கிழிந்தால் தைக்க ஊசி நூல், கருவிகளின் ஓ-ரிங்குகளுக்கு மாற்று, அவற்றுக்குப் பூசும் சிலிக்கோன் பசை. ரப்பர் குளிரில் விறைக்கும். மின்கலம் சீக்கிரம் சோர்ந்துவிடும். கையுறையோடு திறக்க முடியாத மூடி எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும்போதே தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீசாவையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். பாதிச் சீசாக்களை மாற்ற நேரும்.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இதையே பெரிய அளவில் செய்தது. 2014 ஜூலையில் வடதுருவப் பகுதியின் ஸ்வால்பார்ட் தீவுகளில், கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடல் இடுக்கில், 192 மீட்டர் ஆழத்தில் ‘இண்ட்ஆர்க்’ என்ற கருவித் தொகுதியை நிறுத்தினார்கள். சென்னை வெயிலில் திட்டமிட்ட கருவி, உறைநிலையை ஒட்டிய நீரில் மாதக்கணக்கில் தனியாக நின்று உப்பையும் வெப்பத்தையும் பதிய வேண்டும். கீழே இறக்கிய பிறகு திருகு முறுக்க யாரும் இல்லை. அங்கே எல்லாச் சந்தேகங்களும் கரையிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியதைப் போலவே கொண்டுபோகக் கூடாததும் முக்கியம். அண்டார்க்டிகாவின் சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறை 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2022இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. பூட்ஸின் அடிப்பள்ளத்தில் ஒட்டியிருக்கும் நம் வயல் மண், கால்சட்டைப் பையின் மூலையில் சிக்கிய ஒரு புல்விதை, பையின் ஒட்டுப்பட்டையில் மாட்டிய ஒரு பஞ்சு என எல்லாவற்றையும் தூரிகையாலும் உறிஞ்சு கருவியாலும் எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வேற்று நிலத்துப் புல் ஒன்று கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்விட்டுப் பெருந்தொல்லையாகிவிட்டது. நாய்களுக்கு 1994 முதல் அங்கே அனுமதி இல்லை. பச்சைவயல் சூழ்ந்த மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு இந்தச் சுத்தம் இரட்டிப்பாக வேண்டும்.

மனத்தை எப்படி ஆயத்தம் செய்வது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் பா. கணேசன், 1980களின் இறுதியில் அண்டார்க்டிகாவில் நம் தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கி 480 நாள் இருந்தவர். நெல் விளையும் காவிரிப் படுகையிலிருந்து போன ஒருவர், பனிக்குள் புதைந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தில் இருள் நிறைந்த மாதங்களைத் தன் ஆட்களோடு கடந்து, அனைவரையும் நடத்திக்கொண்டு திரும்பினார். தூரமும் குளிரும் நம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு அவரே விடை. பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இன்னொரு விடை உண்டு. 1983இல் புறப்பட்ட மூன்றாவது பயணத்திலேயே கடலியலாளர் அதிதி பந்த்தும் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தாவும் போய் வந்துவிட்டார்கள். அந்தப் பயணத்தில்தான் தட்சிண கங்கோத்ரி நிலையமே எழுந்தது.

இந்தக் கரைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகின் பனியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அண்டார்க்டிகாவில் இருக்கிறது. அது முழுவதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். முழுவதும் உருகப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு உருகினாலே அரை மீட்டருக்கு மேல் ஏறும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கும் கிள்ளைக்கும் முடசலோடைக்கும் அரை மீட்டர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த மக்கள் நீங்கள்.

மாணவர்களே, கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் பயணங்களுக்கு ஆய்வுத் திட்டங்களைக் கேட்கிறது. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே தொடங்க வேண்டியவை சில உண்டு. ‘சாகர் நிதி’ போன்ற ஆய்வுக் கப்பல் ஒன்றில் இடம் கேட்டு, ஒரு வங்கக் கடல் பயணமாவது போய் வாருங்கள். கப்பல் ஆடும்போது உங்கள் வயிறும் உங்கள் நுண்ணோக்கியும் என்ன செய்கின்றன என்று அப்போது தெரியும். வெள்ளாற்றுப் படகுக்காரர்களிடம் கயிறு முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். நனைந்த கையால், கண்ணை மூடிக்கொண்டு போடுமளவுக்கு. பல் மருத்துவரை இந்த மாதமே பாருங்கள்.

இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இன்றைய சொற்பொழிவுக்காக எனக்கு அளிக்கும் மதிப்பூதியத்தைப் பரங்கிப்பேட்டை ஆய்வகத்துக்கே கொடுத்துவிடுங்கள். ஆடும் மேசையில் சீசாக்கள் சரியாமல் நிற்கும்படி குழி வெட்டிய மரத்தட்டுகளை அதில் செய்துகொள்ளட்டும். கடலூர் முதுநகரில் படகு கட்டும் தச்சர்களிடம் கொடுத்தால் நன்றாகச் செய்து தருவார்கள். அளவை நான் எழுதிக் கொடுக்கிறேன்.